பாத் கல் முகப்பு உதிர்வதற்குச் சிமென்ட்தான் காரணம்

வணக்கம். இங்கிலாந்தின் பாத் நகரத்தில், ஜார்ஜியன் பாணியில் (18ஆம் நூற்றாண்டை ஒட்டியது) கட்டிய உங்கள் வரிசை வீட்டில், கல் இணைப்புகளை ஒட்டியே முகப்பு செதில் செதிலாக உதிர்கிறது, இணைப்பில் சாம்பல் நிறச் சிமென்ட் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கல்லைக் குறை சொல்லாதீர்கள்.

பாத் கல் நுண்துளை மிகுந்த சுண்ணக்கல். மழை ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேற வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிட்டதால் ஈரம் கல் வழியே வருகிறது. உப்பு அங்கே படிகமாகி மேற்பரப்பைப் பெயர்க்கிறது. ஈரம் புகாதிருக்கச் சிலிக்கோன் பூச்சு அடித்தால் இன்னும் மோசமாகும்.

இந்த இணைப்புகள் சில மில்லிமீட்டர் அகலம்தான். அறுக்கும் இயந்திரம் பட்டால் கல்லின் விளிம்பு போய்விடும், பிறகு அதை மீட்கவே முடியாது. ஹேக்ஸா பிளேடால் கையாலேயே 20 முதல் 25 மிமீ ஆழம் சுரண்டுங்கள். பெயர்த்தால் கல்லும் உடையும் அளவுக்குக் கல்லோடு இறுகிய சிமென்டை மட்டும் அப்படியே விடுங்கள். தூசியைத் துடைத்து, இணைப்பை நனைத்து, 1 பங்கு சுண்ணாம்புச் சாந்துக்கு (நீற்றிய சுண்ணாம்பு விழுது) 3 பங்கு பாத் கல் பொடி கலந்து அழுத்தி நிரப்புங்கள். ஈரச் சாக்கு போர்த்துங்கள். 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் தொடவே வேண்டாம்.

பாத்தின் பிறை வடிவ வீட்டு வரிசையான ராயல் கிரசென்ட் (1767–1774) போல, இத்தகைய வரிசைகள் முழுவதும் ஒரே முகப்பாக எழுப்பப்பட்டவை. அதனால் புதுக் காரையின் நிறத்தைப் பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமாக இருந்தால் முதலில் உள்ளூர் கவுன்சில் அனுமதி.