வீட்டுக்காரம்மா ரிப்போர்ட் உங்களுக்குச் செல்லாது

கேள்வி: சொந்த லாரி ஓட்டுகிறேன், வயது 31. 40 நாளைக்கு முன் நாக்பூர் லோடு போன இடத்தில் ஒரு பெண்ணோடு தவறு நடந்துவிட்டது. பாதுகாப்புக்கு இரண்டு ஆணுறை போட்டும் கிழிந்துவிட்டது. டெட்டால் போட்டுக் கழுவிவிட்டேன். புண், காய்ச்சல் எதுவும் இல்லை. மனைவி 6 மாதம். மூன்றாவது மாதத்தில் அவளுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். அப்படியென்றால் எனக்கும் ஒன்றும் இருக்காதுதானே? அடுத்த மாதம் வளைகாப்பு.
– பெயர் வேண்டாம், சங்ககிரி

பதில்: தம்பி, ஆணுறை, டெட்டால் கதைக்கெல்லாம் அப்புறம் வருகிறேன். 'மூன்றாவது மாதத்தில்' என்று போகிற போக்கில் எழுதினீர்கள் பாருங்கள், அங்கேயே நின்றுவிட்டேன். தப்பு நடந்தது 40 நாளைக்கு முன்னால், ரத்தம் எடுத்தது அதற்கும் முன்னால். அது எப்படி உங்களுக்குச் சாட்சி சொல்லும்? போன வருசத்து எஃப்.சி.யைக் காட்டி, அதுவும் அடுத்தவன் வண்டி எஃப்.சி.யைக் காட்டி, என் பிரேக் பிடிக்கும் என்பீர்களா? இன்றைக்கே அவளுக்கு எடுத்தாலும் அது அவள் ரத்தத்தைப் பற்றித்தான் சொல்லும். புருசனுக்கு ஹெச்.ஐ.வி. இருந்து பெண்டாட்டிக்குத் தொற்றாத வீடுகளும் உண்டு.

வாரக்கணக்கில் ரோட்டில் கிடக்கிற பிழைப்பு, அது எனக்குத் தெரியும். ஆனால் தன் கையில் ஊசி குத்தப் பயந்துகொண்டு, புள்ளத்தாச்சி கையில் குத்தின ஊசியை வைத்து மனசைத் தேற்றிக்கொள்கிற ஆம்பளையை எனக்குப் பிடிக்காது. ஹெச்.ஐ.வி. கர்ப்பத்தின் நடுவில் புதிதாகத் தொற்றினால் பிள்ளைக்குப் போகிற ஆபத்து அதிகம். பொதுவாகத் தொற்றுள்ள தாய் காலத்தில் மருந்து எடுத்தால் 100 குழந்தையில் 5-க்கும் கீழேதான் தொற்றும், எடுக்காவிட்டால் 15 முதல் 45 வரை. உடலுறவில் தொற்றுகிற சிபிலிஸ் பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய்தான், கவனிக்காமல் விட்டால் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்து போகலாம்.

புண் இல்லை என்பதெல்லாம் கணக்கில் வராது, ஹெச்.ஐ.வி. பல வருசம் ஒரு அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருக்கும். ரெண்டு ஆணுறையை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், டேஷ்போர்டு வெயிலில் கிடந்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம். டெட்டால் தோலைத்தான் எரிக்கும். ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும், அதைக் கோட்டை விட்டுவிட்டீர்கள்.

சரி, இப்போது அரசு ஆஸ்பத்திரியில் ஹெச்.ஐ.வி. சோதனை செய்கிற நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். உள்ளூரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்றால் சேலமோ ஈரோடோ போங்கள், பைசா கேட்க மாட்டார்கள், ரகசியம் காப்பது 2017-ம் வருச ஹெச்.ஐ.வி. சட்டத்திலேயே இருக்கிறது. சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் போடுங்கள், இலவசம். இன்றைக்கு ஒரு சோதனை, சம்பவம் நடந்து 3 மாதம் முடிந்ததும் இன்னொன்று. சிபிலிஸுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் ஆணுறை இல்லாமல் நெருங்கக் கூடாது, ஒன்றே போதும்.

வளைகாப்புக்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் நாக்பூர் போய் வந்த பிறகு அவளோடு இருந்திருந்தால் அவளுக்கும் மறுபடி சோதனை வேண்டும். தனியாகச் சொல்ல வாய் வரவில்லையா, மையத்து ஆலோசகரிடம் ரெண்டு பேரும் போய் உட்காருங்கள். நாளைக்கு லோடு இருக்கிறது என்று சாக்கு சொல்லாதீர்கள், அந்த ஒரு டிரிப்புக்கு வேறு டிரைவரைப் போடுங்கள்.