போர் தேய்ந்ததா, ஹீட்டர் பிளக் செத்ததா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. ஷீட் ஏற்றிப் போக அப்பா காலத்து மஹிந்திரா ஜீப், பியூஜோ டீசல் எஞ்சின். ஆனி, ஆடி மழையில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி இறங்கப் போகிற நேரத்தில் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும், சூடேறிவிட்டால் ஒரு குறையும் இல்லை. மெக்கானிக் 'கம்ப்ரஷன் இல்லை, போர் பண்ணணும்' என்கிறார், அதாவது சிலிண்டரில் காற்று சரியாக அமுங்கவில்லை, தேய்ந்த உள்சுவரைக் கடைந்து சரிசெய்ய வேண்டுமாம். கேஜ் வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால், 'சத்தத்திலேயே தெரியும்' என்கிறார். நானே ஒரு கம்ப்ரஷன் டெஸ்டர் வாங்கிவிடலாமா? சில நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, சில ஆயிரத்துக்கும் இருக்கிறது, எதை வாங்குவது?

பதில்: வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒரு டெஸ்ட் லாம்ப்போடு உட்காருங்கள். நீங்கள் சொல்கிற லட்சணம் எல்லாமே ஹீட்டர் பிளக் (குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றித் தருகிற பிளக்) செத்தாலும் வரும். நாலு பிளக்குக்கும் மேலே ஓடுகிற பட்டையைக் கழற்றிவிட்டு, லாம்ப்பின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் உயிர் இருக்கிறது, எரியாவிட்டால் செத்தது. இரண்டு செத்திருந்தாலே மழைக்காலத்துக் காலையில் இந்தக் கூத்துதான் நடக்கும். என்னிடம் 'போர் பண்ணணும்' என்று சொல்லி வந்த ஜீப்புகள் சில, ஹீட்டர் பிளக் மாற்றி வீட்டுக்குப் போயிருக்கின்றன.

அப்படியே எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் ஆவி வருவது வழக்கம்தான். குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கோ, போரோ (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பிளக் நாலும் நன்றாக இருந்து, டேப்பெட் இடைவெளியும் (வால்வுக்கும் அதைத் தள்ளுகிற கைக்கும் நடுவே விடுகிற இடம்) சரியாக இருந்து, அப்புறமும் காலையில் அடம்பிடித்தால் டெஸ்டருக்கு வருவோம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது பெட்ரோல் வண்டிக்கான கேஜ். முள் 300 பி.எஸ்.ஐ.யோடு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு) நின்றுவிடும். பெட்ரோல் எஞ்சினுக்கு அது தாராளம், அங்கே 120 முதல் 180 வரைதான் வரும். நல்ல டீசல் எஞ்சின் 400-ஐத் தொடும். சின்ன வயதில் நானே அந்தத் தப்பைச் செய்து, முள் கடைசிக் கட்டையில் இடித்து வளைந்து, கேஜைக் குப்பையில் போட்டிருக்கிறேன். டீசலுக்கென்று 1000 பி.எஸ்.ஐ. வரை காட்டுகிற கேஜ்தான் வேண்டும். அதோடு பத்துப் பன்னிரண்டு அடாப்டர் உள்ள பெட்டியாக வரும். உங்களுக்குத் தேவை அதில் ஒன்றே ஒன்று, ஹீட்டர் பிளக்கைக் கழற்றிய துளையில் கேஜை மாட்டுவதற்கு. பழைய எஞ்சின்களில் 12 மில்லிமீட்டர், 1.25 பிட்ச் மரை பரவலாக உண்டு, ஆனாலும் கழற்றிய பிளக்கை வைத்து அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். விரலால் சுற்றும்போதே மரை இறங்க வேண்டும். ஸ்பேனர் போட்டு இறக்க வேண்டியிருந்தால் அது தப்பான மரை, சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டைக் கெடுத்துவிடும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்: காற்றைத் திரும்ப விடாமல் பிடித்து நிறுத்துகிற வால்வு எங்கே இருக்கிறது? அடாப்டர் முனையிலேயே இருக்க வேண்டும். கேஜ் பக்கம் இருந்தால் வேண்டாம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் எஞ்சின் 2112 சிசி, நாலு சிலிண்டர், அப்படியானால் ஒன்றுக்கு 528. அழுத்த விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடத்துக்கும் மேலே வந்தபின் மிஞ்சுகிற இடத்துக்கும் உள்ள விகிதம்) சுமார் 22-க்கு 1. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 25 சிசிதான், ஐந்து டீஸ்பூன் தண்ணீர் பிடிக்கும், அவ்வளவே. உள்விட்டம் 3 மில்லிமீட்டர் உள்ள முழ நீளக் குழாய் ஒன்று கிட்டத்தட்ட 3 சிசி பிடிக்கும். வால்வு குழாயின் மறுமுனையில் இருந்தால் அந்த 3 சிசியும் சிலிண்டரோடு சேர்ந்துவிடும், முள் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டும். எஞ்சின் நன்றாக இருக்கும், நீங்கள் போர் பண்ணக் கிளம்பிவிடுவீர்கள். அந்த வால்வு பழுதானால் டயர் வால்வின் ஊசியை எடுத்துப் போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அதன் ஸ்பிரிங் விறைப்பு அதிகம், அதுவும் குறைத்தே காட்டும்.

இனி சோதனை. வண்டியைச் சூடேற்றுங்கள், பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். டீசல் போகக்கூடாது: ஸ்டாப் கம்பி இருந்தால் இழுத்தபடியே கட்டி வையுங்கள், பம்ப்பில் சொலினாய்டு (மின்சாரத்தால் டீசலைத் திறந்து மூடுவது) இருந்தால் அதன் ஒயரைக் கழற்றுங்கள். இதை மறந்தால் துளை வழியாக டீசல் புகைபோலப் பீய்ச்சும், சூடான எஞ்சின் பக்கம் அது விளையாட்டில்லை. நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்தால் செல்ஃப் திணறும். இறுகிப் போயிருந்தால் முந்தின நாள் ராத்திரியே துருநீக்கி அடித்து விட்டு, எஞ்சின் சூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுங்கள், வலுவாக இழுத்து உடைத்தால் ஹெட்டை இறக்க வேண்டியதுதான். பிளக்குக்கு வருகிற மின்சார ஒயரின் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். சாவி திருப்பும்போது அது பாடியில் தொட்டால் தீப்பொறிதான்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு அமுக்கு வருகிற மாதிரி செல்ஃப் அடியுங்கள். ஒருவர் சாவியில் இருக்க, நீங்கள் முள்ளையே பாருங்கள். நல்ல சிலிண்டரில் முதல் இரண்டு மூன்று அமுக்கிலேயே முள் முக்கால்வாசி ஏறிவிடும். ரிங் தேய்ந்திருந்தால் படிப்படியாக ஏறும். வால்வு உட்காராவிட்டால் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றுவிடும். எழுதி வைப்பது கடைசி எண்ணை மட்டும் அல்ல, முதல் அமுக்கில் வந்ததையும் எழுதுங்கள்.

390, 380, 385, 290 என்று வந்தால் நாலாவதில்தான் கோளாறு. நாலும் 350-ஐ ஒட்டி வந்தால் அந்த எஞ்சின் இன்னும் சில வருஷம் ஷீட் சுமக்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டை (ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு) சந்தேகப்படுங்கள். நாலும் ஒரே அளவில் தாழ்ந்து, 300-க்கும் கீழே போனால் போர் தேய்ந்திருக்கலாம், ஆனால் அதற்கு முன் பேட்டரி இறங்கியிருந்ததா என்று பார்த்து இன்னொரு முறை அடியுங்கள். மெதுவாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் குறைவாகத்தான் காட்டும். அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது பொது வழக்கு. எஞ்சின் மேனுவல் கிடைத்தால் அதில் போட்டிருப்பதே கணக்கு. மேனுவலில் கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) என்று இருந்தால் 14.2-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 28 கிலோ என்பது ஏறத்தாழ 400 பி.எஸ்.ஐ.

கேள்வி: அண்ணே, குளச்சலில் விசைப்படகு வைத்திருக்கோம், ஆறு சிலிண்டர் எஞ்சின், ஹீட்டர் பிளக்கே கிடையாது. ஜூன், ஜூலை தடைக்காலத்தில் எஞ்சினைப் பார்த்துவிடலாம் என்று இருக்கோம். கேஜை எங்கே மாட்ட? கொஞ்சம் ஆயில் ஊற்றி மறுபடியும் அடித்துப் பார்த்தால் ரிங்கா வால்வா என்று தெரியும் என்கிறார்களே?

பதில்: தம்பி, அது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின், டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாசிலின் துளையில்தான் மாட்ட வேண்டும். அதற்கு டம்மி நாசில், அதாவது நாசில் போலவே உட்கார்ந்து நடுத்துளை வழியாகக் காற்றைக் கேஜுக்கு விடுகிற ஒன்று வேண்டும். பெட்டியில் வருகிறது பொருந்தாவிட்டால், பழைய நாசில் ஒன்றின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு லேத்தில் துளையிட்டு வாங்கலாம். எனக்கு ஒருமுறை லேத்தில் முனையை 2 மில்லி நீளமாக விட்டுவிட்டார்கள். நல்ல வேளை, செல்ஃப் அடிக்கும் முன் கையால் சுற்றியதால் 'டக்'கென்று பிஸ்டன் முட்டியது கையிலேயே தெரிந்தது. இன்றைக்கும் டம்மியை மாட்டியதும் கையால் முழுசாக இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் சாவிக்குப் போவேன். நாசிலை எடுக்கும்போது அடியில் இருக்கிற செம்பு வாஷர் கூடவே வந்ததா என்று பாருங்கள், துளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், தெரியாமல் அதன்மேல் இன்னொன்று போட்டால் டம்மியும் சரியாக உட்காராது, பின்னால் நாசிலும் உட்காராது. உப்புக்காற்றில் செல்ஃப் கேபிள் முனை பச்சை பிடித்திருக்கும், சுரண்டிவிட்டு அடியுங்கள்.

ஆயில் ஊற்றும் வேலை டீசலில் வேண்டாம். இருக்கிற இடமே துளி, அதில் ஆயில் கொஞ்சம் கூடினாலும் முள் பொய்யாக ஏறும், இன்னும் கூடினால் பிஸ்டன் திரவத்தில் இடித்துக் கனெக்டிங் ராட் வளையும். அதற்குப் பதில் அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வு இரண்டும் மூடியிருக்கிற நிலையில், எஞ்சின் சுற்றிக்கொள்ளாதபடி ஃப்ளைவீலை இறுக்கி, கம்ப்ரசரில் இருந்து அந்த டம்மி வழியாகவே காற்று விடுங்கள். இன்டேக்கில் உஸ் என்றால் இன்டேக் வால்வு, புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்தால் குமிழி வருகிறதென்றால் ஹெட் கேஸ்கெட். காதை வைத்துக் கேட்டாலே போதும்.

கேள்வி: பூதப்பாண்டியில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் பழைய 5 எச்.பி. டீசல் எஞ்சின், கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். இதற்கும் கேஜ் வேண்டுமா?

பதில்: வேண்டாம். டீசல் குழாயை மூடிவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து வைத்து அமுக்கத்தைப் போக்குகிற கைப்பிடி) போடாமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுங்கள். இறுக்கம் வருகிற இடத்தில் தாங்கிப் பிடித்தால் நல்ல எஞ்சின் உங்களைத் திருப்பித் தள்ளும், கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டே இருக்கும். உஸ்ஸென்று இறங்கிக் கை சுலபமாகத் தாண்டிவிட்டால் கம்ப்ரஷன் போகிறது. எந்தப் பக்கம் சத்தம் வருகிறது என்று மேலே சொன்ன மாதிரியே கேளுங்கள். முதலில் டேப்பெட் இடைவெளியைப் பாருங்கள், கம்மியாக இருந்தாலே வால்வு முழுசாக மூடாது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும், திருப்பி அடித்தால் கை தானாக நழுவி வந்துவிடும்.