நகராட்சியில் யாருக்கு அதிகாரம் அதிகம்: தலைவருக்கா, ஆணையருக்கா? கவுன்சிலர் சும்மா பேருக்குத்தானா?

கேள்வியின் கடைசி வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. 2011 அக்டோபரிலிருந்து 2016 அக்டோபர் வரை தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியில் நான் கவுன்சிலராக இருந்தேன். சுயேச்சை. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதில் வருகிற ஆட்கள் யார் யார் என்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உங்கள் தெருவில் ஏதோ அடைத்துக் கிடக்கிறது, நாலு ஆபீஸ் ஏறி இறங்கிவிட்டு வந்துதான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பரீட்சைக்குப் படிப்பவர்கள் ‘சும்மா பேருக்குத்தானா’ என்று கேட்க மாட்டார்கள்.

சட்டத்தில் இருப்பதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் எல்லாம் அதில் வந்தவை. தமிழ்நாட்டில் 2016இல் பெண்கள் பங்கை மொத்த இடங்களில் பாதியாக உயர்த்தினார்கள். அந்த 74ஆவது திருத்தத்தோடு கூடவே பன்னிரண்டாம் அட்டவணை என்று ஒன்றும் சேர்த்தார்கள். சாலை, குடிநீர், சுகாதாரம், தெருவிளக்கு, சுடுகாடு, பிறப்பு இறப்புப் பதிவு, நகரத் திட்டமிடல் என்று 18 வேலைகள். தீயணைப்புகூட அதில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டி நகராட்சியுடையதா? இல்லை, அது மாநில அரசின் தனித் துறை. காரணம், இந்த அதிகாரங்களை மாநில சட்டமன்றம் நகராட்சிக்கு ‘வழங்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்று இல்லை. அந்த ‘லாம்’ செய்கிற வேலையை ஐந்து வருடம் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான்.

நம் மாநிலத்தில் நகரப் பகுதிகள் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று மூன்று வகை. பேரூராட்சியில் செயல் அலுவலர், மற்ற இரண்டிலும் ஆணையர். இவர்கள் அரசு அனுப்புகிற ஆட்கள், மாற்றுவதும் அரசுதான். தலைவரும் கவுன்சிலர்களும் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். மன்றம் தீர்மானம் போடும், ஆணையர் நிறைவேற்றுவார். தீர்மானம் சரியில்லை என்று அரசுக்குத் தோன்றினால் ரத்தும் செய்யலாம். மேயருக்கு அங்கி உண்டு, செங்கோல் உண்டு. எங்கள் தலைவருக்கு அதுவும் கிடையாது, கார் மட்டும்தான்.

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் வேண்டுமென்றால், அன்றாட வேலையில் ஆணையர் கை ஓங்கி இருக்கும். கோப்பும் காசோலையும் ஊழியர்களும் அவர் கையில். தலைவர் ஆளுங்கட்சியாக இருந்து, மேலே யாரையாவது தெரிந்தவராகவும் இருந்தால் கதை மாறும். என் காலத்தில் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், அதனால் அவர் எங்களைச் சட்டை செய்யவே தேவையில்லை. 2022 தேர்தலில் கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் தலைவர் உறுப்பினர்களை அனுசரித்துப் போயாக வேண்டும், இல்லையென்றால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரைக்கும் போகும்.

மன்றக் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? மூன்று நாள் முன்னால் அஜெண்டா வீட்டுக்கு வரும். எங்கள் நகராட்சியில் அதைப் பழுப்புக் கவரில் வைத்து, தெருவிளக்கு போடுகிற தம்பியிடம் கொடுத்தனுப்புவார்கள். முப்பது நாற்பது பக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே அலுவலகக் குறிப்பு, அதற்கும் கீழே ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்’ என்று ஒரு வரி. முதல் கூட்டத்தில் 64 பொருள் இருந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்து, ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதிக்கொண்டு போனேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பஜ்ஜித் தட்டு கைக்கு வந்து, நான் பேப்பரைப் பிரிப்பதற்குள் பின் வரிசையிலிருந்து ஒருவர் “ஆல் பாஸ்!” என்றார். மேஜையைத் தட்டினார்கள். முடிந்தது. பதினெட்டு நிமிடம், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பஜ்ஜி ஆறக்கூட இல்லை.

இப்போது என் கதை. எங்கள் வார்டு முனையில், மெயின் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சிறுபாலம். நான் வருவதற்கு முன்பே ஒரு பக்கம் உள்வாங்கி, மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் முழுக்கத் திரும்பி ஏழெட்டு வீட்டுத் திண்ணை வரை ஏறும். அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்துதான் ஓட்டுக் கேட்டேன். “ஜெயிச்சா இதுதான்க்கா முதல் வேலை” என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். பொறியியல் பிரிவில் ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்றார்கள். நான்காவது மாதம் மன்றத்திலேயே எழுந்து நின்று சத்தம் போட்டேன். அன்று வெளியே வரும்போது, ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த ஓர் எழுத்தர் என்னை வராண்டாவில் நிறுத்தினார்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. அந்த ரோட்டுல கல்லு இருக்கே, அதோட கலரப் பாத்தீங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேராகப் போய்ப் பார்த்தேன். வாழைக்காய் மண்டிக்குப் பக்கத்தில் பாதி புதைந்த கிலோமீட்டர் கல், மேலே கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர், அதன்மேல் இன்னொரு போஸ்டர். மண்டியில் ஒரு சாக்குத் துணி வாங்கி நனைத்துத் தேய்த்தேன். பசை ஊறி உரிந்தது. கல்லின் தலை பச்சை.

பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. ஆக அந்த ரோடும் அந்தச் சிறுபாலமும் நகராட்சியுடையதே இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது. அதில் வந்து சேருகிற சாக்கடை மட்டும் எங்களுடையது. ரோட்டுக்கு அடியில் போகும் பெரிய குழாய் குடிநீர் வடிகால் வாரியத்துடையது. ஓரத்தில் நிற்கும் கம்பம் மின்வாரியத்துடையது, அதில் எரிகிற விளக்கு எங்களுடையது, அந்த விளக்குக்குக் கரண்ட் பில் கட்டுவதும் நாங்கள். இருபது அடிக்குள் நாலு முதலாளிகள். இதை நாலு மாதமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனால், “உங்க சாக்கடை மண்ணுதான் மேடம் அடைக்குது, அதை முதல்ல எடுங்க” என்றார்கள். எங்கள் பொறியாளர், “பாலம் உள்வாங்கினதாலதான் மண்ணு நிக்குது” என்றார். இரண்டுமே உண்மை, அதுதான் வேடிக்கை. மன்றத்தில் ஒரு தீர்மானம் போட வைத்தேன்: நெடுஞ்சாலைத் துறையைக் கேட்டுக்கொள்வது என்று. கேட்டுக்கொண்டோம். அவர்களும் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போனேன். முதியோர் பென்ஷன் வராத பாட்டிகள், பட்டா மாற வேண்டியவர்கள், அவர்களோடு வரிசையில் நானும். முன்னால் நின்ற ஒரு பாட்டி என் கையில் இருந்த மனுவைப் பார்த்து, “உங்க கவுன்சிலர் ஒண்ணும் செய்யலியா கண்ணு?” என்று கேட்டது. நான்தான் அந்தக் கவுன்சிலர் என்று சொல்ல வாய் வரவில்லை. “இல்ல பாட்டி” என்றேன்.

ஆனால் அதற்குப் பலன் இருந்தது. கூட்டு ஆய்வுக்கு உத்தரவாகி, இரண்டு அலுவலகத்து ஆட்களும் ஒரே நாளில் அந்தப் பாலத்தருகே வந்து நின்றார்கள். பாலம் அவர்கள், சாக்கடை நாங்கள் என்று எழுதிக் கையெழுத்தானது. பிறகு மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஆள் வராமல் மறு டெண்டர். இப்படியே 2016 வந்துவிட்டது. அக்டோபரில் எங்கள் பதவிக்காலம் முடிந்தது. வேலை ஆரம்பித்தது டிசம்பரில்.

‘இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள்’ என்று கேட்கப் போகிறவர்கள் இருப்பார்கள். எங்கள் காலத்தில் கூட்டத்துக்குப் போனால் அமர்வுப் படி என்று ஒரு சொற்பத் தொகை. 2023 ஜூலையிலிருந்துதான் நகராட்சி உறுப்பினருக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். எல்லாக் கவுன்சிலரும் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. பிளான் அப்ரூவலுக்கும் குழாய் இணைப்புக்கும் கை நீட்டியவர்கள் என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் வாங்கவில்லை என்பதற்கு என் ஓட்டு வீடுதான் சாட்சி. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுபவர். வார்டில் எத்தனை தெரு என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அந்த மனுஷனை ஐந்து வருடம் ஊரே ‘கவுன்சிலர் சார்’ என்று கூப்பிட்டது. ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு வந்தால், நான் வாசலில் நிற்கும்போதே “சார் இல்லையா?” என்பார். கோவில் விழா பிளெக்ஸில் அவர் படம் ஆளுயரம், என் படம் மூலையில் ஸ்டாம்ப் சைஸ். எங்கள் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது, தலையில் முழம் மல்லிகைப் பூவோடு! அவரே கூச்சப்பட்டு ராத்திரியில் போய்க் கழற்றிவிட்டு வந்தார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெண் ஜெயித்தாலும் ஆண்தான் பார்ப்பான் என்று ஊர் தானாகவே முடிவு செய்துகொண்டதே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

2016க்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு ஒரு வகையில் நல்ல விளக்கம். இடஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்று வழக்கு மேல் வழக்காகி, நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. ஐந்து வருடத்துக்கும் மேலாக மன்றமே கிடையாது. ஆணையரே தனி அலுவலர். அதாவது ஆணையராக அவர் அலுவலகக் குறிப்பு வைப்பார், தனி அலுவலராக அவரே அதை அனுமதிப்பார். அஜெண்டாவும் அவர், ஆல் பாஸும் அவர். பஜ்ஜிச் செலவு மிச்சம்.

‘குப்பை அள்ளினார்களே, தண்ணீர் விட்டார்களே, கவுன்சிலர் இல்லாமல் என்ன கெட்டுப்போச்சு’ என்று சிலர் கேட்பார்கள். அள்ளினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து வருடமும், பதவியில் இல்லாத என் வீட்டுக் கதவைத்தான் காலை ஆறு மணிக்குத் தட்டினார்கள். ஆணையர் வீட்டை யாரும் தட்டவில்லை. அவர் வீடு எங்கே என்றே யாருக்கும் தெரியாது. அதற்குள் மூன்று பேர் மாறியிருந்தார்கள்.

புது மன்றங்கள் வந்தும் பெரிதாக மாறிவிடவில்லை. 2022 மார்ச் 4 அன்று தலைவர்கள் தேர்வு. ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு: வீடுகளுக்கு 600 சதுர அடிக்குள் என்றால் 25 சதவீதம், நகராட்சிகளில் 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். விகிதத்தை முடிவு செய்தது கோட்டை. ஊர்க்காரர்களிடம் திட்டு வாங்கியது, உட்கார்ந்து ஒரு மாதம் ஆன கவுன்சிலர்கள். ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் வாங்க வரியைத் திருத்தியாக வேண்டும் என்று அரசு சொன்னது. அது சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்பதை மட்டும் பாருங்கள்.

ஆகவே ‘சும்மா பேருக்குத்தானா’ என்றால், பணம் ஒதுக்கும் அதிகாரம் தனி ஒரு கவுன்சிலருக்கு இல்லை, ஆளை மாற்றும் அதிகாரமும் இல்லை. ஆனால் அஜெண்டாவைப் படித்துவிட்டுப் போய், “பொருள் 23ஐ ஒத்தி வையுங்கள், என் ஆட்சேபணையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்” என்று ஒருத்தர் சொன்னால் போதும், அந்த அறை கொஞ்சம் அடங்கும். எனக்கு இது மூன்றாவது வருடம்தான் தெரிந்தது. எழுதி வைத்த ஆட்சேபணையைத் தணிக்கைக்கு வருகிறவர்கள் புரட்டுவார்கள் என்ற பயம் அந்த அறையில் இருப்பவர்களுக்கு உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மெயின் ரோடு என்றால் முதலில் கல்லைத் தேடிப் பாருங்கள். நிறத்தைப் பார்த்துவிட்டு மனுவை எந்த ஆபீஸுக்கு எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். உள்தெரு என்றால் நகராட்சிதான். சொத்து வரி ரசீது நகலை இணைத்து ஆணையர் பெயருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அதன் நகலை உங்கள் கவுன்சிலரிடம் கொடுத்து, அடுத்த கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லுங்கள். கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் அவரிடமே நேரில் கொடுங்கள், “சார் இல்லையா?” என்று கேட்காதீர்கள்.