‘ங’வுக்கு ஒரு பேரன்

கேள்வி: பேரனுக்குத் திருவாதிரை, மூன்றாம் பாதம். ஜோசியர் ‘ங’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, “இதில் பேர் கிடைக்காது, ‘க’வில் வையுங்கள்” என்கிறார். மகளும் மாப்பிள்ளையும் யாருக்குமே இல்லாத பெயராகத் தேடி ‘க்ருத்விக்’ என்று பிடித்திருக்கிறார்கள். எண் கணிதக்காரர் கடைசியில் ஒரு ‘எச்’ சேர்க்கச் சொல்கிறார். சேர்க்கலாமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: யாருக்குமே இல்லாத பெயர்தான் வேண்டுமென்றால், ஜோசியர் கொடுத்த ‘ங’வை ஏன் கீழே போட்டீர்கள்? அந்த எழுத்தில் நம் பக்கத்தில் ஒருத்தருக்கும் பெயர் இல்லை. தொல்காப்பியர் அதற்கு முதலெழுத்து வாசலையே அடைத்துவிட்டார். நன்னூலார் பாவம் பார்த்து, ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்று பின்கட்டு வழியாக உள்ளே விட்டார். ஔவையார் ‘ஙப் போல் வளை’ என்று ஒரு வரி எழுதியிராவிட்டால், அரிச்சுவடி தாண்டி அதை யாரும் பார்த்தே இருக்க மாட்டோம்.

நட்சத்திரம் 27, பாதம் நான்கு, ஆக 108 எழுத்து. இது வடமொழிக்குப் போட்ட பட்டியல். திருவாதிரைக்கு கு, க, ங, ச. அஸ்தத்துக்கு பு, ஷ, ண, ட. அதிலுள்ள ‘க’ கூட நம் ‘க’ இல்லை, கன்ஷியாம் என்று வடக்கே அடிவயிற்றிலிருந்து சொல்வார்களே, அந்த நாலாம் ‘க’. தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கு வரும்போது எல்லாம் ஒரே ‘க’வாகிவிட்டது. ‘ங’விலும் ‘ண’விலும் வடக்கேயும் பெயர் கிடைப்பதில்லை, அவர்களும் சமாளிக்கிறார்கள். ஜோசியர் உங்களுக்குத் தந்த ‘க’ இரண்டாம் பாதத்துக்காரனுடையது. பக்கத்து வீட்டு ரேஷன் கார்டில் சர்க்கரை வாங்குவது போல.

எண் கணிதத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்துக்கும் அவர்களுக்கும் பழைய பகை, தெரிந்ததுதான். ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டுவார்கள். கல்தேய முறைப்படி கே 2, ஆர் 2, யு 6, டி 4, எச் 5, வி 6, ஐ 1, கே 2. மொத்தம் 28, கூட்டினால் 1. ‘த’வுக்கு ‘டி எச்’ போடுவது தெற்கத்தி வழக்கம். வடக்கே வெறும் ‘டி’. அங்கே அதே பையன் 23, அதாவது 5. ரயில் விந்தியமலை தாண்டும்போது பையனின் தலையெழுத்து மாறிவிடுகிறது! பித்தகோரஸ் பெயரில் புழங்கும் இன்னொரு கணக்கில் ஆர் 9, எச் 8, ஐ 9. தெற்கத்தி எழுத்திலேயே 39 வந்து 3-இல் முடியும். உங்கள் ஆள் கேட்கும் கடைசி ‘எச்’ கல்தேயத்தில் 33 ஆக்கி 6-இல் நிறுத்தத்தான். வாயில் வராத, காதில் விழாத எழுத்து அது. பள்ளிக்கூடத்தில் ஒருவர் போடுவார், பாஸ்போர்ட்டுக்கு எழுதுகிறவர் விட்டுவிடுவார். அப்புறம் இருவரும் ஒருவரே என்று ஆயுசுக்கும் சான்றிதழ் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எனக்கு ‘எச்’சை விடப் பெரிய கவலை, அந்தப் பெயரின் கடைசி ‘க்’. பேரனுக்குக் குல்லா வாங்கப் போகிறீர்கள். யாருக்கு? “க்ருத்விக்குக்குக் குல்லா.” சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அடைகாக்கும் கோழி எழுந்து வந்து பார்க்கும். மாடியிலிருந்து கூப்பிடவும் முடியாது. முருகன் ‘முருகா’ ஆவான், வள்ளி ‘வள்ளீ’ ஆவாள். தொல்காப்பியர் கூப்பிடுவதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் ஒதுக்கியிருக்கிறார். ‘க்’கில் முட்டி நிற்கும் பெயரை எதைப் பிடித்து நீட்டுவது? ஆரம்பத்தில் ‘க்ரு’ வேறு. மூன்றாம் மாதம் ‘கிருத்திக்’, முதல் பிறந்தநாளுக்குள் ‘கார்த்திக்’. யாருக்கும் இல்லாத பெயர் எல்லாருக்கும் இருக்கும் பெயராக வந்து சேரும்.

புதுப்பெயர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியார் குழந்தைகளுக்கு ரஷ்யா, மாஸ்கோ என்று வைத்தார். 1953 மார்ச் 1-இல் பிறந்த கருணாநிதியின் மகனுக்கு, நாலு நாளில் இறந்த சோவியத் தலைவரின் பெயர் வந்தது. அந்நியப் பெயர்தான், ஆனால் ‘ன்’னில் முடிகிறது; ஸ்டாலினுக்கு, ஸ்டாலினை என்று உருபு தானாக ஏறிக்கொள்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் இதற்குள் பேனா மூடியைத் திறந்திருப்பார்கள். வேதாசலம் மறைமலை அடிகள் ஆனது அழகு, ஒப்புக்கொள்கிறேன். அவர் மகள் திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனதை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.

பிள்ளை தங்காத வீட்டில் குப்பைமேட்டில் உருட்டி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று வைத்தார்கள். எமன் அருவருத்து விட்டுவிடுவான் என்று கணக்கு. அடுத்தது ஆணாக வேண்டும் என்று பெண்ணுக்குப் ‘போதும்பொண்ணு’. அந்தப் பெயர்களுக்குப் பொருள் தேட வலைத்தளம் தேவைப்படவில்லை. உங்கள் வலைத்தளத்தில் புரியாத பெயருக்கெல்லாம் மூன்றே பொருள்தான்: ஒளி, வெற்றி, கிருஷ்ணன்.

அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் போதும், பெயரைப் பிறகு சேர்க்கலாம். 12 மாதம் வரை கட்டணமில்லை. அப்புறம் 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு. ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்ற மாட்டார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுதிக் கொடுக்கும் படிவத்தில் தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் பெரிய எழுத்தில், ஒவ்வொரு புள்ளியும் தெரிய எழுதுங்கள். ‘க்’கின் புள்ளி விழுந்தால் பையன் ‘க்ருத்விக’.

‘ங’வைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இரண்டு மாதத்தில் பேரனே பால் குடித்துவிட்டு, நன்னூலாரைக் கேட்காமல் ‘ங்கா’ என்பான்.