ஒற்றை அறை வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்க முடியவில்லை. சென்னையில் காசில்லாமல் உட்கார்ந்து படிக்க இடம் உண்டா?

தாராளமாக உண்டு. முதலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2010-இல் திறந்தது, உள்ளே போகக் கட்டணம் இல்லை. பொதுவாக நூலகங்களில் சொந்தப் புத்தகத்தோடு நுழைந்தால் வாசலிலேயே நிறுத்துவார்கள். இங்கே அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் கைடு, நோட்டு, மாதிரி வினாத்தாள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக்கொண்டு படிக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் பெரும்பாலும் குரூப் 2-க்கோ வங்கித் தேர்வுக்கோ படிப்பவராகத்தான் இருப்பார். பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பாதி சந்தேகம் அங்கேயே தீரும். என்னைக் கேட்டால் கோச்சிங் சென்டரைவிட இதுதான் பெரிய லாபம். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள், தாமதித்தால் இடம் கிடைப்பது கஷ்டம்.

எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1896-இலிருந்து இயங்குகிறது. பழைய நூல், பழைய இதழ் தேட அதுதான் சரி. அன்றாடம் போய்ப் படிக்க உங்கள் பகுதிக் கிளை நூலகமே போதும்.

இலவசம் என்று கூச்சம் வேண்டாம். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். வாடகை வாங்கும் உங்கள் வீட்டுக்காரரும் அதைக் கட்டுகிறார்.