டாக்டர் சீட் கிடைக்காத மகள் கிட்னி ஆராய்ச்சிக்குப் போகலாமா?

வணக்கம் அம்மா.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. சர்க்கரை கிடையாது. வயல் வேலை, வெயில், நாற்பத்தைந்து வயது. எதனால் கிட்னி பழுதானது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மகளுக்கு நீட் மதிப்பெண் அரசு இடத்துக்குப் போதவில்லை. இப்போது அவள், "அப்பாவுக்கு இது ஏன் வந்ததுன்னு கண்டுபிடிக்கிற படிப்புதான் படிப்பேன்" என்கிறாள். டாக்டர் ஆகாமல் அது முடியுமா, முடிந்தாலும் அந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். சோறும் போடும், ஆனால் கொஞ்சம் தாமதமாக. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் ஒரு கதை சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றின் கிளை நதிகளை ஒட்டிய கிராமங்கள். குரோஷியா, போஸ்னியா, செர்பியா, ருமேனியா, பல்கேரியா என்று ஐந்து நாடுகளில் பரவிக் கிடக்கின்றன. அங்கே விவசாயக் குடும்பங்களில் நடுத்தர வயதுக்காரர்களுக்குச் சத்தமில்லாமல் கிட்னி பழுதாகும். ஒரு கிராமத்தில் இருக்கும், பக்கத்துக் கிராமத்தில் இருக்காது. 1950-களில் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகக் கவனித்தது. தண்ணீர், மண், பூஞ்சை, பரம்பரை என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் போனது. 1960-களின் கடைசியில் செர்பிய ஆய்வாளர் ஈவிச், கோதுமை வயலில் களையாக வளரும் அரிஸ்டோலோக்கியா செடியின் விதை மாவில் கலப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்றார். அவர் பேச்சு பெரிதாக எடுபடவில்லை.

அப்புறம் 1990-களின் தொடக்கத்தில், சம்பந்தமே இல்லாத பெல்ஜியத்தில், உடல் இளைக்க மூலிகை மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு அதே மாதிரி கிட்னி பழுதானது. விசாரித்தால், மருந்தில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக வேறொன்று தவறுதலாகச் சேர்ந்திருந்தது. அதுவும் அரிஸ்டோலோக்கியாதான். இரண்டு முடிச்சும் ஒன்றாயின. 2007-ல் அமெரிக்காவின் ஆர்தர் குரோல்மன் குழுவும் குரோஷிய ஆய்வாளர்களும் சேர்ந்து, அந்தச் செடியின் நச்சு டி.என்.ஏ.வில் விட்டுச்சென்ற தடத்தை நோயாளிகளின் கிட்னித் திசுவிலேயே காட்டினார்கள். நோயைத் தனியாக அடையாளம் கண்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தத் துப்பு துலங்க எத்தனை பேர் வேண்டியிருந்தது என்று பாருங்கள். கிட்னி டாக்டர் வேண்டும். கூடவே களைச்செடியை அடையாளம் காணத் தெரிந்தவர், டி.என்.ஏ. பார்க்கும் வேதியியலாளர், கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தவர், அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் எல்லாரும் வேண்டும். உங்கள் மகளுக்கான இடங்கள் இவைதான்.

(ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் கருடக்கொடியும் ஆடுதீண்டாப்பாளையும் இதே அரிஸ்டோலோக்கியா வகைதான். உங்கள் கணவர் எப்போதாவது நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தால், என்னென்ன என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். காரணம் தெரியாத கிட்னி நோய் சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். மகளுக்கும் ஒரு முறை யூரின், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, பிரஷர் பார்த்துவிடுங்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை, பார்த்துவிட்டால் நிம்மதி.)

உங்கள் கணவருக்கு வந்தது மாதிரியான புதிர் இன்று பல நாடுகளில் இருக்கிறது. நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டுகிறவர்கள், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல் விவசாயிகள், ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி மக்கள். பெரும்பாலோருக்குச் சர்க்கரையும் இல்லை, ஆரம்பத்தில் பிரஷரும் இல்லை. கடும் வெயிலில் நீர் வற்ற உழைப்பது, கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடும் கடினத்தன்மையும், பூச்சிமருந்து என்று பல சந்தேகங்கள். இலங்கை அரசு 2015-ல் கிளைஃபோசேட் களைக்கொல்லியைத் தடைசெய்தே பார்த்தது. ஆனாலும் எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே காரணம் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. தமிழ்நாட்டில் உப்பளத் தொழிலாளர்களின் வெயில் பாதிப்பையும் கிட்னி நிலையையும் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அளந்திருக்கிறார்கள். உங்கள் மகள் கேட்கும் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி இல்லை, அம்மா. உலகமே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பல நாடுகள் சேர்ந்து ஆய்வு செய்வது என்றால் கருத்தரங்கில் கைகுலுக்குவது என்று நினைக்கிறோம். உண்மையில் அது அளவு சம்பந்தப்பட்ட வேலை. நிகரகுவா லேபில் எடுத்த கிரியேட்டினினையும் உத்தானத்தில் எடுத்ததையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. லேபுக்கு லேப் வித்தியாசம் வரும். அதனால் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் ஆய்வாளர்கள் முன்னெடுத்து, எல்லா நாடும் ஒரே முறையில் மக்களைத் தேர்ந்தெடுத்து ஒரே முறையில் அளக்க 'டிகிரி' என்ற பெயரில் ஒரு பொதுத் திட்டம் வகுத்தார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. ஒல்லியான நம் ஊர் விவசாயிக்கு, மேல்நாட்டு உடலை வைத்துக் கட்டிய சூத்திரம் கிட்னியை உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டிவிடலாம். இதையெல்லாம் சரிசெய்வது கணக்குத் தெரிந்தவர்களின் வேலை.

மருந்துப் பரிசோதனையிலும் இதே கதைதான். டபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிக்கும் உதவும் என்று 2020-ல் காட்டிய ஆய்வில் 21 நாடுகளிலிருந்து 4,304 பேர் பங்கெடுத்தார்கள். அதை முன்னின்று நடத்திய நெதர்லாந்துப் பேராசிரியர் ஹிடோ ஹீர்ஸ்பிங்க் பார்மசி படித்து வந்தவர்.

சரி, படிப்புக்கு வருகிறேன். மகளுக்குக் கணிதத்தில் 94 என்று எழுதியிருக்கிறீர்கள். என் யோசனை பி.எஸ்சி. புள்ளியியல். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, செலவும் குறைவு. கூடவே கம்ப்யூட்டரில் புள்ளியியல் கணக்குப் போடும் 'ஆர்' மொழியைத் தானே பழகட்டும், அது இலவசம். பிறகு வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல், அதாவது மருத்துவ ஆய்வுக்கான புள்ளியியல், இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் பொதுச் சுகாதார முதுகலை இருக்கிறது, அதில் டாக்டர் அல்லாதவர்களும் சேரலாம். தகுதி விதிகள் அவ்வப்போது மாறும். சேருகிற ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

பயோடெக்னாலஜி என்று பெயரைப் பார்த்து மட்டும் சேர்க்க வேண்டாம். நல்ல ஆய்வகம் இல்லாத கல்லூரியில் மூன்று வருடம் படித்துவிட்டு, பிப்பெட் பிடிக்கத் தெரியாமல் என் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் நிறைய. டயாலிசிஸ் டெக்னாலஜி பட்டப்படிப்பு நல்ல படிப்பு, சீக்கிரம் வேலையும் கிடைக்கும். வீட்டுச் சூழ்நிலை இறுக்கமாக இருந்தால் தயங்காமல் அதை எடுக்கலாம். ஆனால் அது நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கிருந்து ஆராய்ச்சிக்கு வர முடியும், பாதை கொஞ்சம் சுற்று.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். முதுகலை முடிக்க ஐந்து வருடம். அதுவரை உதவித்தொகை தவிரப் பெரிதாக எதுவும் வராது. முடித்ததும் மருந்துப் பரிசோதனை நிறுவனங்களிலும் ஆய்வுத் திட்டங்களிலும் தரவு வேலை கிடைக்கும். திட்ட வேலை பெரும்பாலும் ஒப்பந்தம்தான், திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே இறங்கட்டும். ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போனால், தேர்வெழுதி ஜே.ஆர்.எஃப். என்ற அரசு ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. ஐரோப்பாவில் மேரி கியூரி திட்டத்தில் ஆராய்ச்சி மாணவரைச் சம்பளம் கொடுத்து வேலைக்கே எடுக்கிறார்கள். அதனால் வீட்டை அடமானம் வைத்து வெளிநாடு அனுப்பும் பேச்சு இப்போது வேண்டவே வேண்டாம். "லட்சம் கட்டுங்கள், சர்வதேச ஆராய்ச்சி அனுபவம் தருகிறோம்", "பணம் கொடுத்தால் கட்டுரையில் பெயர் வரும்" என்று யாராவது சொன்னால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள். பொய்யான கட்டுரை ஒன்று பெயரில் ஏறிவிட்டால் அந்தக் கறை எளிதில் போகாது.

இன்னொன்றை மகளிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். இவள் படித்து முடித்து அப்பாவைக் குணமாக்க முடியாது. அவர் நோய்க்கான காரணம் கடைசிவரை தெரியாமலே போகலாம். டான்யூப் கதையில் ஐம்பது வருடம் ஆனது. அந்தப் பாரத்தைப் பதினெட்டு வயதுப் பிள்ளை தலையில் ஏற்றிக்கொண்டு படித்தால் ஒவ்வொரு அரியரும் அப்பாவுக்குச் செய்த துரோகம் மாதிரி தெரியும். அப்படி உடைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கேள்வி அவளுடையதாக இருக்கட்டும். அப்பாவின் உயிருக்கு அவள் பொறுப்பு இல்லை.

அடுத்த வாரம் நீங்கள் வரும்முன் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அப்பாவின் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துத் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதட்டும். கிரியேட்டினின் எவ்வளவு, எந்த லேப், அந்த மாதம் அப்பா என்ன வேலை செய்தார், எந்தக் கிணற்றுத் தண்ணீர், என்ன மருந்து. தெரியாத இடத்தைக் காலியாக விடட்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. அப்பாவிடமும் கேட்டு எழுதட்டும், அவருக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மதிப்பெண் சான்றிதழோடு அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள். மூன்று பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.