டைவ் கம்ப்யூட்டரை கடுமையான அமைப்பில் வைத்தால் சேஃப்டி ஸ்டாப் தேவையா?

தேவை. டைவ் கம்ப்யூட்டர் என்பது ஸ்கூபா டைவர் ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட அணியும் கருவி; சேஃப்டி ஸ்டாப் என்பது மேலே வரும் வழியில் சற்று நிற்பது. இரண்டும் வேறு வேலைகள்.

கன்சர்வேட்டிசத்தை, அதாவது எச்சரிக்கை அளவை, கூட்டினால், அதே ஆழத்தில் டிகம்ப்ரஷன் நிறுத்தம் (உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, மேலே வரும் வழியில் கட்டாயமாக நிற்பது) இல்லாமல் இருக்கக்கூடிய நிமிடங்களைக் கம்ப்யூட்டர் குறைத்துக் காட்டும். பல கம்ப்யூட்டர்கள் பயன்படுத்தும் பியூல்மன் கணக்கு உடலை 16 கற்பனைத் திசுக்களாகப் பிரித்து நைட்ரஜனைக் கணிக்கிறது. அதில் கண்டிப்பை மாற்ற உதவும் இரண்டு எண்களான கிரேடியன்ட் ஃபேக்டரின் இரண்டாவது எண் 85 என்றால், நீர்மட்டத்துக்கு வரும்போது திசுக்களுக்கான அனுமதி எல்லையில் 85 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று பொருள். 70 இன்னும் கண்டிப்பு.

ஆனால் நீங்கள் இரவு தூங்கவில்லை, சென்னை வெயிலில் படகில் தண்ணீர் குடிக்காமல் காய்ந்தீர்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால்தான் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கச் சொல்கிறார்கள். கட்டாய டிகம்ப்ரஷன் நிறுத்தம் வேறு, அதைத் தவிர்க்கவே கூடாது. சேஃப்டி ஸ்டாப்பையோ காற்று தீரும் நிலையில் விட்டுவிடலாம்.

நீலாங்கரைப் பக்கம் அலை அடித்தால் சரியாக 5 மீட்டரில் நிற்பது கஷ்டம்தான். 6 மீட்டர் ஆனாலும் பரவாயில்லை. நின்ற பிறகு கடைசி 5 மீட்டரை விர்ரென்று ஏறுவதுதான் பலர் செய்யும் தப்பு. அங்கேதான் அழுத்தம் விகித அளவில் மிக அதிகமாக மாறுகிறது.

அப்புறம், அந்தமானில் டைவ் முடித்துச் சென்னைக்குப் பறப்பவர்கள், பல டைவ் செய்திருந்தால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.